நானும் என் பதினோரு தூசி மெஷின்களும்

பழைய வேக்குவம் கிளீனரைத் திறக்கிறவனுக்கு முதலில் கிடைப்பது தும்மல். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

புதுக்கோட்டை கீழராஜவீதியை ஒட்டிய ஒரு சந்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். மின்விசிறி, பம்புசெட், மாவு மில் மோட்டார் என்று எது எரிந்து வந்தாலும் செம்புக் கம்பி சுற்றி மறுபடி ஓட வைப்பது என் தொழில். அது சோறு போட்டது. ஆனால் என்னை ஆட்டி வைத்தது வேறொன்று. கரண்டில் ஓடி, வீட்டுத் தூசியைக் குழாய் வழியாக இழுத்துப் பையில் சேர்க்கிற மெஷின். வெள்ளைக்காரர்களும், கப்பல் ஏறிப் போய்வந்த செட்டியார் வீட்டுக்காரர்களும் எப்போதோ வாங்கி, கெட்டுப்போனதும் மூலையில் போட்டுவிட்ட சாமான். எங்கே ஒன்று இருக்கிறது என்று காதில் விழுந்தாலும் போய் நிற்பேன். வாங்குவேன், பிரித்துப் போடுவேன், ஓட வைப்பேன். யாராவது கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு போய்ச் சுத்தம் செய்து கொடுப்பேன். விற்க மட்டும் மாட்டேன். ஊரில் எனக்குத் 'தூசி மெஷின் சுப்பையா' என்றே பேர் விழுந்துவிட்டது.

பழைய கடிகாரம், கிராமபோன், காமிரா, பூட்டு என்று ஏதாவது ஒன்றின் பின்னால் அலைந்து வீட்டில் ஏச்சு வாங்குகிறவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துருப்பிடித்த ஒரு திருகு, முரண்டு பிடித்தது போதும் என்று மெல்ல அசைந்து கொடுக்கிற அந்த நொடிக்காக என்ன பாடு பட்டிருக்கிறோம் என்பது நமக்குத்தான் தெரியும். மற்றவர்கள் படித்துச் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பீரங்கி

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம். ஊரை விட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார துரையின் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். நான் ஒரு மேஜை விசிறிக்காகப் போயிருந்தேன். விசிறி வேறு யாருக்கோ போய்விட்டது. கடைசியில், ஒருவரும் சீந்தாமல் ஒரு சாமான் கிடந்தது. இரண்டு முழ நீளத்துக்குத் தகர உருளை. அடியில் சறுக்கிக்கொண்டு போக இரண்டு இரும்புப் பட்டைகள். முன்பக்கம் துணி சுற்றிய குழாய், மலைப்பாம்பு கனத்துக்கு. ஏலம் விட்டவருக்கே அது என்னவென்று தெரியவில்லை. "என்னமோ இங்கிலீஷ் சாமான், கேக்குறவங்க கேளுங்க" என்றார். ஹூக்கா என்றார் ஒருவர். கொசு மருந்து அடிப்பது என்றார் இன்னொருவர். நான் குனிந்து பின்பக்கச் சல்லடை வழியாகப் பார்த்தேன். உள்ளே இருட்டில் செம்பு மின்னியது. மோட்டார். அதுவும் நான் அதுவரை தொட்டுப் பார்த்திராத சின்ன, வேகமான ஜாதி மோட்டார். எதிராளி யாரும் இல்லாததால் அது எனக்கே வந்தது.

சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். உருளை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. கடைவீதி முனையில் ஒரு கான்ஸ்டபிள் கையைக் காட்டி நிறுத்தினார். முன்பக்கம் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். பின்பக்கம் வந்து பார்த்தார். "இது எதைச் சுடும்?" என்று கேட்டார். "சுடாதுங்க, கரண்டுல ஓடிக் குப்பையை இழுக்கும்" என்றேன். அவர் என் முகத்தையும் உருளையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வழி விட்டுச் சொன்னார்: "வெளக்கமாறு இருக்கிற ஊர்ல குப்பைக்குக் கரண்டு கேக்குது ஒனக்கு. சரி போ, சாமான்ல சந்தேகப்பட ஒண்ணும் இல்லை. ஆள்லதான் இருக்கு."

எடுப்பதா, கொடுப்பதா

அந்த மோட்டாருக்குள் கரண்டைக் கொண்டு சேர்க்கும் கரித்துண்டு இரண்டும் தேய்ந்து காணாமல் போயிருந்தன. அதற்குச் சரியான கரித்துண்டு திருச்சியில் கேட்டேன், இல்லை. மதராஸுக்கு எழுதினேன், பதில் இல்லை. ஒரு நாள் செத்துப்போன டார்ச் லைட் பேட்டரிக் கட்டையை உடைத்தபோது நடுவில் கரிக்குச்சி இருந்தது. அதை எடுத்து, தரையில் தேய்த்துத் தேய்த்துச் சதுரமாக்கினேன். பழைய கட்டைகளாகத் தேடித் தேடி உடைத்ததில் பதினேழு குச்சி வீணானது. பதினெட்டாவதும் பத்தொன்பதாவதும் பொருந்தின.

பக்கத்துக் கடை காதர் பாய், தையல்காரர். எங்களுக்குள் மாமன் மாப்பிள்ளை முறை வைத்துத்தான் பேச்சு. அன்றைக்கு அவர் ஒரு கல்யாண மாப்பிள்ளைக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைக் கையில் ஏந்தியபடி வேடிக்கை பார்க்க வந்தார். அவருடைய இஸ்திரிப் பெட்டிச் சாம்பலைத் தரையில் குவித்து வைத்தேன். குழாயை மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். முதலில் ஒரு முனகல், பிறகு ஊளை, பிறகு காதை அடைக்கிற ஒரே இரைச்சல். எத்தனையோ மோட்டாரை ஓட்டியிருக்கிறேன், அப்படி ஒரு வேகத்தைக் கையில் பிடித்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் குழாயின் மூக்கைச் சாம்பலுக்கு நேரே கொண்டு போனேன்.

இந்த மெஷினுக்கு இரண்டு வாய். ஒன்று இழுக்கும், மற்றது ஊதும். நான் குழாயை மாட்டியிருந்தது ஊதுகிற வாயில். சுவிட்சை அணைத்தபோது கடையே சாம்பல் மேகமாக இருந்தது. அதற்கு நடுவிலிருந்து, கறுத்துப்போன சட்டையை இன்னமும் ஏந்திக்கொண்டு, காதர் பாய் நிதானமாகக் கேட்டார்: "மாப்ளே, இது குப்பையை எடுக்குற மெஷினா, குடுக்குற மெஷினா? ஓட்டுறதுக்கு முந்தி ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கலாம்ல?"

தையல்

மெஷினின் உள்ளே இருந்த துணிப்பை மட்கிப்போய், தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது. சாம்பல் சட்டைக்குப் பரிகாரமாக நான் அவருக்கு இரண்டு நாள் பித்தான் தைத்துக் கொடுத்திருந்ததால், பை தைக்க காதர் பாய் ஒப்புக்கொண்டார். மல் துணியில் அழகாகத் தைத்தார். அதை மெஷினில் மாட்டி எடுத்துக்கொண்டு ஒரு வக்கீல் வீட்டுக்குப் போனோம். சுவர் நெடுகச் சட்டப் புத்தகங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் விரல் கனத்துக்குத் தூசி. மெஷின் இழுத்தது. இழுத்த தூசி பையில் நிற்காமல் துணியின் கண் வழியாகப் பனிமூட்டமாக வெளியே வந்தது. வக்கீல் வெள்ளை வேட்டியோடு எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. ஆள் விட்டு எங்களைப் போகச் சொன்னார்.

காதர் பாய்க்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. காடாத் துணியில் தைத்தார். காற்றே போகவில்லை, மோட்டார் மூச்சு முட்டிச் சுட்டது. கதரில் தைத்தார், காக்கியில் தைத்தார், ஒன்றும் சரிப்படவில்லை. எட்டாம் நாள் ஒரு தலையணையோடு என் கடைக்கு வந்தார். "இலவம்பஞ்சையே வெளிய விடாத துணி, தூசியை விட்ருமா மாப்ளே?" என்று கேட்டு, என் கண் முன்னாலேயே தலையணை உறையைப் பிரித்தார். மறுநாள் வக்கீல் வீட்டு வாசலில் நின்று கெஞ்சி உள்ளே போனோம். அரை மணி நேரம் ஓட்டினோம். வக்கீல் மேஜை மேல் விரலை வைத்துத் தேய்த்து, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் தோளைத் தட்டி, பெரிய கெட்டிக்காரனப்பா நீ என்றார். நான் குளிர்ந்துபோய் நின்றேன். பின்னாலிருந்து காதர் பாயின் குரல் வந்தது: "மோட்டாரு ஒன்னுது, சத்தமும் ஒன்னுது. தூசி நிக்கிறது என் தையல்ல. அதையும் அய்யாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு மாப்ளே."

ரங்கூன் பெட்டி

திருமயம் பக்கத்தில் ஒரு செட்டியார் வீடு. பேத்திக்குக் கல்யாணம், வீட்டில் பர்மாவிலிருந்து வந்த தூசி மெஷின் ஒன்று இருக்கிறது, ஓட வைத்துக் கம்பளங்களைச் சுத்தம் செய்து தர வேண்டும் என்று அந்த வீட்டு ஆச்சி ஆள் அனுப்பியிருந்தார். ஓடாத குறையாகப் போனேன். வீட்டின் இரண்டாம் கட்டில் ஒரு தேக்கு மரப் பெட்டிக்குள், வைக்கோல் நடுவில் அது படுத்திருந்தது. நெட்டுக்குத்தாக நிற்கிற வகை. பித்தளைத் தலை, கறுப்புக் கைப்பிடி, முதுகில் தொங்குகிற பை. அந்த மாதிரி ஒன்றை அதற்கு முன் படத்தில்கூட நான் பார்த்ததில்லை.

மோட்டார் நல்ல நிலையில் இருந்தது. எண்ணெய் விட்டு, வயரை மாற்றினால் போதும். பையைக் கழற்றிக் குப்பைக் கூடை மேல் கவிழ்க்கப் போனேன். ஏதோ 'டிக்'கென்று விழுந்தது. எடுத்துப் பார்த்தால், நங்கூரம் பதித்த சின்னப் பித்தளைப் பித்தான். குழந்தைகளின் கப்பல்காரச் சட்டையில் இருப்பது. ஆச்சி கையை நீட்டி வாங்கினார். வெகு நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மகன் சின்னவனாக இருந்தபோது போட்ட சட்டையின் பித்தான் அது. அவர்கள் யுத்தத்துக்கு முந்தி ரங்கூனில் இருந்தவர்கள். குண்டு விழுமென்று பேச்சு வந்ததும் செட்டியார், மனைவியையும் மகளையும் சாமான்களையும் முதல் கப்பலில் ஏற்றிவிட்டு, மகனை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, கடையை மூடிவிட்டு அடுத்த கப்பலில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த கப்பல் என்று ஒன்று வரவே இல்லை. அப்பாவும் மகனும் நடந்தே ஊருக்குக் கிளம்பினார்கள் என்று ஒரு செய்தி. அவ்வளவுதான்.

நான் பையைத் திரும்பக் கூடைக்கு மேல் பிடித்தேன். ஆச்சி உள்ளே போய் மூடி போட்ட ஒரு வெள்ளிச் செம்பைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "அதைக் கொட்டிப்புடாதீங்க தம்பி. இதுல போடுங்க. அது எங்க ரங்கூன் வீட்டுத் தூசி."

கூடுதல் பயணிகள்

அறந்தாங்கியில் ஒரு சினிமாக் கொட்டகை. மெத்தை வைத்த உயர்ந்த வகுப்பு நாற்காலிகளில் மூட்டைப்பூச்சி பெருத்துவிட்டது. மேனேஜர் ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார். "அழுகைக் கட்டத்துல ஜனங்க கண்ணைத் தொடைக்கணும். இங்கிட்டு என்னடான்னா எல்லாரும் எந்திரிச்சு நின்னு சொறியுறாங்க" என்றார். மருந்து அடித்துப் பார்த்தாராம், பூச்சி வளர்ந்ததே தவிரக் குறையவில்லை.

மெஷினைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். நாற்காலி இடுக்குக்கென்றே தகரத்தை வளைத்து ஒரு ஒல்லி மூக்கு செய்திருந்தேன். காலையிலிருந்து மத்தியானம் வரை ஒவ்வொரு தையலாக, ஒவ்வொரு ஆணி ஓரமாக இழுத்தேன். மழை பெய்வதுபோல் குழாய்க்குள் சடசடவென்று கேட்டது. தொழிலில் அத்தனை சுகமான சத்தத்தை நான் கேட்டதில்லை. முடித்ததும் மேனேஜர் ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஐந்து நிமிஷம் அசையாமல் இருந்து காட்டினார். வேலைக்காரர்கள் கை தட்டினார்கள். நான் ராஜா மாதிரி பஸ் ஏறினேன்.

மெஷினின் பையை இறுகக் கட்டியிருந்தேன். குழாயின் வாயை அடைக்க மட்டும் மறந்துவிட்டேன். பூச்சி செத்திருக்கும் என்று நினைப்பு. ஒரு கொட்டகை நிறைய இருந்த மூட்டைப்பூச்சி அத்தனையும் உயிரோடுதான் இருந்தன. வந்த வழியாகவே வெளியே நடந்தன. பாதி வழியில் எனக்கு முன்னால் இருந்தவர் முதுகைச் சொறிந்தார். பிறகு அவருக்கு முன்னால் இருந்தவர். பத்தே நிமிஷத்தில் பஸ்ஸில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. கண்டக்டர் குனிந்து குனிந்து தடம் பார்த்துக்கொண்டே என் காலடிக்கு வந்து சேர்ந்தார். சாக்கைத் தூக்கிப் பார்த்தார். டிக்கெட் பையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "அண்ணே, ஒங்களுக்கு ஒரு டிக்கெட்டுத்தான் போட்டேன். இவங்களுக்கெல்லாம் யாரு எடுக்குறது?"

துக்க வீடு

கறம்பக்குடியில் ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவரிடம் ஒரு மெஷின் இருப்பதாகத் தகவல் வந்தது. வட்ட வடிவம், பானை மாதிரி வயிறு, மூக்கு மட்டும் எட்டு வகை. அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினேன். ஆலங்குடியில் ஒல்லியாகக் குடையோடு ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கம்பவுண்டர் என்றார், பேர் ராஜகோபால். "என்ன சோலியா போறீங்க?" என்று கேட்டார். மெஷின் விஷயத்தை வெளியில் விடக் கூடாதென்று, "ஒரு துக்க வீடு" என்றேன். "எனக்கும் துக்கந்தான்" என்றார் அவர். இருவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டோம். இறங்கினோம். நான் திரும்பிய தெருவிலேயே அவரும் திரும்பினார். நான் வேகமாக நடந்தேன், அவர் குடையை மடக்கிக்கொண்டு வேகமாக நடந்தார். கடைசி இருபது கஜம் இரண்டு பேரும் ஓடினோம். ஓவர்சியர் வீட்டுப் படியில் ஒன்றாகத்தான் கால் வைத்தோம்.

நான் பேச்சில் முந்திக்கொண்டு மெஷினை வாங்கிவிட்டேன். "குழாயும் மூக்கெல்லாமும் அடுத்த தெருவுல தம்பி வீட்ல இருக்கு" என்றார் ஓவர்சியர். நான் திரும்பினேன். கம்பவுண்டரைக் காணோம். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் குழாயைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு, எட்டு மூக்கையும் குடைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்.

பிறகு ஆறு மாசம் கடிதப் போர். விலைக்குத் தாருங்கள் என்று நானும், நீங்கள் தாருங்கள் என்று அவரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே குழாயோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஒரே ஒரு தடவை மாட்டிப் பாத்துட்டுப் போயிடுறேன்" என்றார். மாட்டினோம். பித்தளை வளையம் 'க்ளிக்'கென்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் பானை வயிற்றிலிருந்து வண்டு ரீங்காரம் மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம். கம்பவுண்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கடைசியில், முழு மெஷினும் ஆறு மாசம் ஆலங்குடியில், ஆறு மாசம் என்னிடம் என்று முடிவானது. காப்பி கொண்டுவந்த என் மனைவி அலமேலு டம்ளர்களை வைத்துவிட்டுச் சொன்னாள்: "பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்தவங்ககூட இம்புட்டுப் பேசி முடிச்சிருக்க மாட்டாங்க. காப்பி ஆறுது, குடிங்க சம்பந்தி."

மருந்து பம்பு

கொடும்பாளூரிலிருந்து ஒரு விவசாயி சைக்கிளில் வந்தார். மூவர் கோயிலுக்கு அந்தப் பக்கம் கத்தரித் தோட்டம். சாக்கில் சுற்றிய ஒரு நீளக் குழலை என் மேஜை மேல் வைத்தார். "மருந்து பம்புங்க. ஏதோ பங்களா ஏலத்துல எங்க அய்யா வாங்குனது. நானும் வருஷக்கணக்கா ரிப்பேர் பாக்குறேன், மருந்து பீச்சவே மாட்டேங்குது. இழுத்து அடிச்சா முன்னாடி இருக்கிற எலையைத்தான் உள்ள இழுக்குது" என்றார்.

சாக்கை விலக்கிப் பார்த்தேன். கையால் இழுத்துத் தள்ளுகிற தூசி மெஷின். கரண்டு வருவதற்கு முந்திய காலத்துச் சாமான். அப்படி ஒன்று உண்டு என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார், நான் நம்பவில்லை. உள்ளே தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தது. வேப்பெண்ணெயில் ஊறவைத்து விரித்து, அவர் முன்னாலேயே மாட்டி, மேஜை மேல் கிடந்த கம்பித் துணுக்குகளின் பக்கம் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். அத்தனையும் உள்ளே போய்விட்டன. நான் சின்னப்பிள்ளை மாதிரி மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அப்ப பீச்சாதா?" என்றார்.

அது பூச்சி மருந்து பம்பே இல்லை என்று விளக்கினேன். அதற்குப் பதிலாக, கடைவீதிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் நல்ல புது மருந்து பம்பாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன். தெருவிலேயே தண்ணீர் நிரப்பி அடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. சைக்கிளில் ஏறியவர் ஒரு காலை ஊன்றி நின்று யோசித்தார்: "ஒங்களுக்கு இழுக்குறது கெடைச்சிருச்சு, எனக்குப் பீச்சுறது கெடைச்சிருச்சு. வீட்ல போயி, இதுல யாரு ஏமாந்தான்னு கேட்டா மட்டும் என்னங்க சொல்லுறது?"

கிணறு

ஊருக்கு வெளியே ஒரு தோட்டம். அண்ணன் தம்பி இரண்டு பேர், கருப்பையாவும் சின்னையாவும். கிணற்றுக்குப் புதுசாகக் கரண்டு வந்திருந்தது. பழைய ஆயில் எஞ்சினை எடுத்துவிட்டு மின்சார மோட்டார் வைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்குக் காலையில் ஒரு வீட்டில் தூசி மெஷின் வேலை முடித்துவிட்டு நேரே வந்ததால், அந்த ஏலத்து உருளை என் சைக்கிளிலேயே இருந்தது. எஞ்சின் கிணற்றுக்குள் ஆழத்தில் ஒரு மேடையில் இருந்தது. தண்ணீர் மட்டத்தை இறக்கினால்தான் அடிக் குழாயை மாற்ற முடியும் என்று, கடைசியாக ஒரு தடவை அதை ஓட்ட கருப்பையா இறங்கினார். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு திணறித் திணறி எஞ்சின் நின்றது. "அண்ணே" என்று சின்னையா குரல் கொடுத்தார். பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் கருப்பையா மேடை மேல் ஒருக்களித்துச் சாய்ந்து கிடந்தார்.

சின்னையா பாதிக் கிணறு இறங்கியவர், தலை சுற்றுகிறது என்று படியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இழுத்து மேலே ஏற்றினோம். எஞ்சின் புகை உள்ளேயே தங்கிவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. கருப்பையாவின் மனைவி கிணற்று விளிம்பில் உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்போதுதான் சைக்கிள் கண்ணில் பட்டது. மோட்டார் ரூமில் கரண்டு இருக்கிறது. எஞ்சினுக்குத் தண்ணீர் விட வைத்திருந்த நீளமான கான்வாஸ் ஹோஸ் வெளியே கிடக்கிறது. மெஷினின் ஊதுகிற வாயில் ஹோஸைச் செருகி, ஈரத் துண்டால் சுற்றிக் கட்டினேன். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. சுவிட்சைப் போட்டதும் தட்டையாகக் கிடந்த ஹோஸ் உப்பிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கியது.

கொஞ்ச நேரம் ஊதவிட்டு, சின்னையா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். ஹோஸின் வாயை முகத்தோடு சேர்த்துப் பிடித்தபடி இறங்கினார். இந்தத் தடவை தலை சுற்றவில்லை. அண்ணனை இன்னொரு கயிற்றில் கட்டினார். அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து இழுத்தோம். மேலே கிடத்தியபோது அவருக்கு மூச்சு இருப்பதே தெரியவில்லை. வேப்ப மர நிழலில் போட்டு, சட்டையைக் கிழித்து, மார்பைத் தேய்த்தோம். எத்தனை நேரம் என்று தெரியாது. ஒரு இருமல் வந்தது. அதற்குப் பிறகு இன்னொன்று. அவர் மனைவி அப்போதுதான் அழ ஆரம்பித்தார். வழியில் போன ஒரு லாரியை மறித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சின்னையா கிணற்றை விட்டு வெளியே வரும்வரை மெஷினை நிறுத்தக் கூடாதென்று ஓட விட்டிருந்தேன். அதற்குப் பிறகு நிறுத்துவது யாருக்கும் ஞாபகமில்லை. வாசனை வந்து ஓடிப் போய்ப் பார்த்தபோது காயில் கருகிப் புகைந்துகொண்டிருந்தது.

பத்து நாள் கழித்துக் கருப்பையா என் கடைக்கு வந்தார். இளைத்திருந்தார், நடை மட்டும் நன்றாக இருந்தது. உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. என்னை நலம் விசாரிக்கவுமில்லை. கண் மேஜையைத் துழாவியது. உருளை அங்கே பிரித்துக் கிடந்தது; பாதிக் காயில் புதுக் கம்பியில் சுற்றியிருந்தேன். குனிந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நான் பொழைச்சுக்கிட்டேண்ணே. இது பொழைச்சுக்கிருமா?"

ஆலங்குடிக்கு முறை போய்த் திரும்பிவிட்ட பானையையும் சேர்த்துப் பதினோரு மெஷின்களும் பிழைத்து, ஓடி, இன்றைக்கு என் வீட்டில் ஒரு அறையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. குழாயை நீட்ட இடமில்லாததால் அந்த அறையை மட்டும் அலமேலு விளக்குமாற்றால்தான் பெருக்குகிறாள்.